முத்துவின் பறவை

ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கல் வரும் கிழமையில் பலேர்மோவில் எனக்கு இரண்டு வேலைகள் இருக்கும். ஒன்று, பால்கனியில் பொங்குவது. மற்றது, குளத்தில் தாரா எண்ணுவது. முதலாவது ஊரிலிருந்து கூடவே வந்தது. இரண்டாவது, நான் வேலை செய்த வீட்டிலிருந்து வந்தது.

இரண்டும் ஒரே கிழமையில் விழுவது தற்செயல். 1967 ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு ஜனவரி நடுப்பகுதியிலும் பல நாடுகளில் ஒரே காலத்தில் நீர்ப்பறவைகளை எண்ணிவருகிறார்கள். வடக்கின் குளிருக்கு ஒதுங்கி வந்த பறவைகள் அந்த நாட்களில்தான் அதிகம் இடம் மாறாமல் தங்கியிருக்கும். ஒரே பறவையை இரண்டு குளங்களில் இரண்டு தடவை எண்ணிவிடும் ஆபத்து அப்போது குறைவு. இத்தாலியில் இந்த வேலையை இஸ்ப்றா என்ற அரச சூழல் ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைக்கிறது. பறவைகளை இனங்காணத் தெரிந்த, தகுதி பெற்ற ஆட்கள் தங்களுக்குரிய குளங்களுக்குப் போய் எண்ணிக் கணக்கை அனுப்புவார்கள். என்னுடைய முதலாளி அப்படியான ஒருவர்.

அவர் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். ‘புரொபெசோரே’ என்றுதான் கூப்பிடுவேன். மனைவி இறந்த பிறகு, 2009 இல், சமைக்கவும் வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் என்னை வேலைக்கு வைத்தார். பலேர்மோத் தமிழர்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை. 1980களிலிருந்து இங்கே வந்து சேர்ந்த எங்களில் பலர் இந்த நகரத்தை அதன் வீடுகளுக்குள் இருந்துதான் முதலில் பார்த்தோம். சமையல், துப்புரவு, வயோதிபரைப் பராமரித்தல். ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலையேறி சாந்தா றோசலியாவின் குகைக் கோயிலுக்குப் போய்வருவது எங்களுக்கிருந்த வெளியுலகம். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவக்காரரும் ஏறுவார்கள்.

2010 ஜனவரியில் ஒரு நாள், காரோட்டுவதற்கென்று புரொபெசோரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நகரத்துக்குத் தெற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் பியானா தெலி அல்பனேசி குளத்துக்கு. கையுறை போட்டும் விரல் விறைத்தது. அவர் முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்திப் பார்த்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடியும் பார்த்தார். அவருடைய பார்வை மங்கத் தொடங்கிவிட்டது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

“நீ பார். அந்தக் கறுப்புக் கூட்டத்தில் நெற்றி வெள்ளையாகத் தெரிகிறதா?”

தெரிந்தது. தமிழில் அதற்கு நாமக்கோழி என்று பெயர் என்பது பின்னர்தான் எனக்குத் தெரியவந்தது.

“எத்தனை?”

“நிறைய.”

“நிறைய என்பது எண் அல்ல” என்றார்.

நான் பருத்தித்துறைப் பக்கத்து ஆள். சின்ன வயதில் கரையில் மீனைக் கூறு போட்டு எண்ணியிருக்கிறேன். முதலில் பத்தை எண்ணு, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைக் கண்ணில் வைத்துக்கொள், பிறகு அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்து நகர்த்து என்று அவர் சொன்னபோது, கை பழைய வேலையை அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் மீன் தாழாது. நாமக்கோழி தாழும். நாற்பதை எண்ணும்போது ஐந்து தண்ணீருக்குள் போய்விடும், மூன்று வேறிடத்தில் கிளம்பும். ஒரே கூட்டத்தை மூன்று தடவை எண்ணி, கணக்கு ஒத்துவந்த பிறகுதான் எழுத விட்டார்.

அன்றிலிருந்து அவர் பெயர் சொல்வார், நான் எண்ணுவேன். ஒரு பறவை எப்படி முங்குகிறது, எழும்பும்போது தண்ணீரில் ஓடுகிறதா அல்லது நேரே கிளம்புகிறதா என்பதை நான் சொன்னால் போதும், அவர் இனத்தைச் சொல்லிவிடுவார். நீண்ட கழுத்தும் கொண்டையுமாக இருந்தது முக்குளிப்பான். மரக்கட்டையில் சிறகை விரித்துக் காயவிட்டது நீர்க்காகம். அகன்ற சொண்டுள்ள ஒரு தாராவுக்கு இத்தாலியர் வைத்த பெயர் மெஸ்தொலோனே. மெஸ்தொலோ என்றால் அகப்பை. சமையற்காரனுக்கு அந்தப் பெயர் மட்டும் மறக்கவில்லை.

*

அந்தக் குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இயற்கையான ஏரி அல்ல. மின்சாரம் எடுப்பதற்காக ஆற்றை மறித்து அணை கட்டி, 1923 அளவில் உண்டாக்கியது. பலேர்மோவைச் சுற்றியிருக்கும் பெரிய குளங்கள் எல்லாமே இப்படி மனிதர் கட்டியவைதான். மேற்கே பார்த்தினிக்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் போமா குளத்துக்கு ஒரு போராட்டமே நடந்தது. யாத்தோ ஆற்றில் அணை வேண்டும், தண்ணீர் ஊரின் விவசாயிகளுக்கு வேண்டும் என்று கேட்டு தனிலோ தொல்ச்சி 1962 இல் உண்ணாவிரதம் இருந்தார். சிசிலியின் காந்தி என்று அவரைச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. விவசாயிகளுக்குக் கிடைத்த தண்ணீரில் தாராக்களும் வந்து இறங்கின.

இதைக் கேட்டபோது எனக்கு மன்னார்க் கட்டுக்கரைக்குளம் ஞாபகம் வந்தது. அதுவும் நெல்லுக்காகக் கட்டியது. குளிர்காலப் பறவைக்கு, அணையைக் கட்டியவன் மன்னனா, மின்சாரக் கொம்பனியா, உண்ணாவிரதியா என்பதில் அக்கறையில்லை.

பியானாவில் இருப்பவர்களும் வந்தேறிகள்தான். துருக்கியரின் படையெடுப்புக்குத் தப்பி வந்த அல்பேனியர் 1488 இல் அமைத்த ஊர் அது. ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் தெருப் பலகைகளில் அல்பேனிய மொழி இருக்கிறது, வீட்டில் அதைக் கதைக்கிறார்கள். கோயில் பதிவேடும் மொழியும் கையில் இருந்தால் ஒரு சனம் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு அந்த ஊர் ஓர் உதாரணம் என்று புரொபெசோரே சொல்வார். எங்களைக் குறித்துத்தான் சொன்னாரோ தெரியாது.

*

பறவைகளைப் பார்த்து எழுதும் பழக்கம் பலேர்மோவுக்கு மிகவும் பழையது. நகரத்தின் தேவாலயத்தில் கருஞ்சிவப்புக் கற்பேழை ஒன்றில் இரண்டாம் பிரெடெரிக் சக்கரவர்த்தி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சிறுவயதில் இந்த நகரத்தில் வளர்ந்தவர், 1250 இல் இறந்தவர். பறவைகளைக் கொண்டு வேட்டையாடும் கலை பற்றி லத்தீனில் ஒரு பெரிய நூல் எழுதினார். பெயர் வேட்டை என்றிருந்தாலும், அதன் முதற் பாகம் முழுக்கப் பறவையியல்: எவை எங்கே மேய்கின்றன, எப்படிச் சிறகடிக்கின்றன, எப்போது வலசை போகின்றன என்று எழுதியிருக்கிறார். அரிஸ்டோட்டில் தவறாகச் சொன்ன இடங்களில், அவர் தன் கையால் வேட்டைப் பறவை வளர்த்தவரல்லர் என்று மறுத்தும் எழுதினார்.

அந்தக் காலத்தில், வடகடல் பக்கத்து ஒரு வகை வாத்து முட்டையிலிருந்து பிறப்பதில்லை, கப்பல் மரத்தில் ஒட்டும் சிப்பிகளிலிருந்து பிறக்கிறது என்று படித்தவர்களே நம்பினார்கள். பிரெடெரிக் வடக்குக்கு ஆளனுப்பி அந்த மரத்துண்டுகளை வரவழைத்துப் பார்த்தார். வாத்துக்குரிய எதுவும் அதில் இல்லை. அவை கூடு கட்டுவது தொலைவில் என்பதால் யாரும் கண்டதில்லை, காணாததால் கதை கட்டினார்கள் என்ற முடிவுக்கு வந்தார்.

அந்த மரத்தைக் கொண்டுவர வடக்குக்குப் போனவர் யார்? நூலில் அவருக்குப் பெயர் இல்லை. அரபு நாடுகளிலிருந்து வேட்டைப் பறவை வல்லுநர்களை வரவழைத்து அவர்களிடம் கற்றேன் என்று சக்கரவர்த்தியே எழுதுகிறார். அவர்களுக்கும் அங்கே பெயர் இல்லை.

அடுத்து 19 ஆம் நூற்றாண்டு. 1862 இல் பலேர்மோப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பியெத்ரோ தொதெர்லைன் இங்கே விலங்கியல் அருங்காட்சியகத்தை வளர்த்தெடுத்தார். அவரும் வெளியிலிருந்து வந்தவர்தான், இன்றைய டுப்ரோவ்னிக் நகரத்தில் பிறந்தவர். சிசிலியின் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1869 இலிருந்து வெளிவந்தது. அவருக்குப் பின் ஜோசப் விட்டேக்கர். மர்சாலா வைன் வியாபாரத்தில் செல்வம் சேர்த்த ஆங்கிலேயக் குடும்பத்தில் 1850 இல் பிறந்தவர். தான்தே வீதியில் உள்ள மல்ஃபித்தானோ மாளிகை அவருடையது. 1905 இல் துனீசியாவின் பறவைகள் பற்றி இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். சிசிலிக்கே உரிய நீள்வால் சிட்டு வகை ஒன்றை 1901 இல் விவரித்துப் பெயரிட்டவரும் அவர்தான். சிசிலியின் மலைக் கவுதாரிக்கு இன்றைக்கும் அறிவியற் பெயரில் விட்டேக்கர் இருக்கிறார்.

அந்தக் காலத்தில் பறவையைப் பதிவு செய்வது என்றால் முதலில் சுடுவது. சுட்டு, தோலை உரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி அலுமாரியில் வைப்பது. சீட்டில் இனம், இடம், திகதி, சேகரிப்பின் உரிமையாளர் பெயர் எல்லாம் இருக்கும். சேற்றில் இறங்கித் தூக்கி வந்தவனின் பெயரை நீங்கள் எதிர்பார்க்க முடியாது.

இருந்தும் அந்த அலுமாரிகளை நான் பழிக்கமாட்டேன். ஒரு உதாரணம். எங்களுடைய குளங்களில் தாமரை இலைகளுக்கு நடுவில் நடக்கும் நீலத் தாழைக்கோழியின் நெருங்கிய உறவுப் பறவை ஒன்று சிசிலியிலும் இருந்தது. சதுப்பு நிலங்களை வற்றவைத்ததாலும் வேட்டையாலும் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது இங்கே அற்றுப்போனது. 2000 ஆம் ஆண்டளவில் ஸ்பெயினிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து சிசிலியின் சதுப்புகளில் விட்டார்கள். அவை பெருகின. இங்கே முன்பு இருந்தது என்று யாரோ எழுதிவைத்திருந்ததால்தான் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. எழுதிவைக்காவிட்டால், இல்லாமற்போனது என்று சொல்லவே ஆளிருக்காது.

*

இந்த இடத்தில் எனக்கு ஊரின் கணக்கு உறுத்தும்.

ஆசியாவில் இதே ஜனவரிக் கணக்கெடுப்பு 1987 இல் தொடங்கியது. இலங்கையும் அதில் சேர்ந்தது. ஆனால் 1987 இல் வடக்கில் ஜனவரி எப்படி இருந்தது என்று இந்த இதழின் மூத்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பின் வந்த இரண்டு பத்தாண்டுகளில், தொலைநோக்கியோடு ஒருவர் தொண்டைமானாற்றுக் கரையில் நின்றிருந்தால் அவரை எந்தத் தரப்பும் பறவை பார்ப்பவர் என்று நம்பியிராது. வடக்கின் பெரும்பகுதிக்குக் கணக்கெடுப்போர் போகக்கூடிய நிலையே இல்லை.

பறவைகள் வந்தன. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வரும் ஊசிவால் தாராக்களும் கிளுவைகளும் மன்னாரில் இறங்கின. கடனீரேரிகளில் பூநாரைகள் நின்றன. நான் கண்டிருக்கிறேன். எத்தனை என்று கேட்டால் என்னிடம் இருக்கும் ஒரே விடை, நிறைய. போர் முடிகிற காலத்தில், 2008 இல், மன்னார் வங்காலைப் பகுதியைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2010 இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இன்றைக்கு அங்கே எண்ணுகிறார்கள். கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று கேட்டால், எதிலிருந்து கூடியது, எதிலிருந்து குறைந்தது என்ற கேள்வி நிற்கிறது. 

பறவைக்கே இப்படியென்றால் மனிதருக்கு எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கணக்கும் எங்களிடம் சரியாக இல்லை என்பது உங்களுக்கே தெரியும். புரொபெசோரே “நிறைய என்பது எண் அல்ல” என்று சொன்ன அந்தக் காலையில், குளிரில் நான் ஏன் பேசாமல் நின்றேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. 2010 ஜனவரியில், எட்டு மாதத்துக்கு முந்திய மே மாதத்தைப் பற்றி எவரோடும் கதைக்கக் கூடியவனாக நான் இருக்கவில்லை.

*

என் மகள் பலேர்மோவில் பிறந்தவள், இங்கேயே உயிரியல் படித்தாள். புரொபெசோரே வீட்டுப் புத்தகங்கள் அவளுக்கும் திறந்திருந்தன. ஒரு நாள் இரவு வந்து, “அப்பா, பருத்தித்துறையில பிடிச்ச ஒரு குருவிக்கு முத்து எண்டு பேர் வைச்சிருக்கினம், தெரியுமோ?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது.

எட்கர் லேயார்ட் என்ற ஆங்கிலேயர் 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை அரச சேவையில் இருந்தவர். தீவின் பறவைகளைச் சேகரித்து லண்டன் ஆய்விதழுக்குத் தொடராக எழுதினார். அவரிடம் முத்து என்று ஒரு வேலையாள் இருந்தார். பெயரைப் பார்த்தால் எங்களுடைய ஆள். அந்த முத்து பருத்தித்துறையில் ஒரு சிறிய பறவையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை அறிவியல் அறியாத இனம் அது. 1854 இல் லேயார்ட் அதை விவரித்து வெளியிட்டபோது, அறிவியற் பெயரின் இரண்டாம் சொல்லாக முத்துவின் பெயரை வைத்தார். இன்றைக்கு அதன் முழுப் பெயர் மஸ்சிகாப்பா முத்துயி. தமிழில் சொன்னால் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான். வடகிழக்கு இந்தியாவிலும் தென்சீனப் பக்கமும் கூடு கட்டி, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கும். சிட்டுக்குருவியை விடச் சற்றுச் சிறியது, சத்தமில்லாதது, நிழலில் ஒதுங்கியிருப்பது. தேடினாலொழியக் கண்ணில் படாது. முத்து தேடியிருக்கிறார்.

எத்தனையோ ஆளுநர்களுக்கும் தளபதிகளுக்கும் பறவைகளின் மேல் பெயர் இருக்கிறது. ஒரு வீட்டு வேலைக்காரனுக்கு இருப்பது அபூர்வம். லேயார்டின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் பின்னால் வந்தவர்கள் ஆங்கிலத்தில் அதே பறவையை ‘லேயார்டின் ஈப்பிடிப்பான்’ என்று நெடுங்காலம் அழைத்தார்கள். அறிவியற் பெயரை ஒருவரும் இலேசில் மாற்ற முடியாது என்பதால் முத்து தப்பினார்.

மகள் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, புரொபெசோரேயின் பழைய கணக்குத் தாள்களைக் காட்டிக் கேட்டாள்: “இதில உங்கட பேர் எங்க?”

இல்லை. இருக்கவும் முடியாது. தகுதி பெற்றவர் அவர், நான் அவருடைய காரோட்டி. ஆண்டுக்கணக்காக என் கண் எண்ணியது அவர் பெயரில் போனது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை என்று அவளுக்குச் சொன்னேன். அது முழு உண்மை அல்ல. அவர் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எங்கள் பெயர் நீளம் என்று முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்வார். இந்த ஊரில் எங்கள் எல்லோருக்கும் நடப்பதுதான். அன்பாகத்தான் கூப்பிட்டார், சம்பளத்தை ஒரு நாள் பிந்தித் தந்ததில்லை. ஆனாலும் மகள் கேட்ட பிறகு அந்தத் தாள்களை முந்தி மாதிரிப் பார்க்க முடியவில்லை.

*

புரொபெசோரே 2023 இல் இறந்தார். அடுத்த ஆண்டு சிசிலியில் மழை பொய்த்தது. 2024 மே மாதத்தில் வறட்சிக்காக அவசரகால நிலை அறிவித்தார்கள். தீவின் நடுவே, என்னாவுக்குப் பக்கத்தில் உள்ள பெர்குசா ஏரி கிட்டத்தட்ட வற்றியது. பலேர்மோவின் பல பகுதிகளில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். தொட்டியும் வாளியுமாகத் திரிந்தபோது ஊரில் கிணற்றடிக்குப் போய்வந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

2025 தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை மகளோடு பியானாவுக்குப் போனேன். எவரும் எங்களை அனுப்பவில்லை. அதிகாரபூர்வக் கணக்கு தகுதி பெற்றவர்களுடையது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஈபேர்ட் என்ற பொதுத் தளம் 2002 இலிருந்து இருக்கிறது. எவரும் தான் கண்டதை அதில் பதியலாம், ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 இலிருந்து பொங்கல் நாட்களில் அதில்தான் எண்ணிப் பதிகிறார்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்றே அதற்குப் பெயர். என்னுடைய இரண்டு வேலைகளையும் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது சிரிப்பு வந்தது.

பிட்சூத்தா மலைக்குக் கீழே குளம் ஒடுங்கிக் கிடந்தது. முன்பு தண்ணீர் நின்ற இடத்தில் வெடித்த சேறு. வழக்கமாக நான் நிற்கும் கல்லிலிருந்து கரைக்கு நீண்ட தூரம் நடக்க வேண்டியிருந்தது. நாமக்கோழிகளை மூன்று தடவை எண்ணினேன். முக்குளிப்பான், நீர்க்காகம் எண்ணினேன். அகப்பைச் சொண்டன் ஒன்றுகூட இல்லை.

“அதை எழுதாம விடுவமா?” என்று மகள் கேட்டாள்.

“தேடிப் பார்த்தோம், இல்லை எண்டு எழுது” என்றேன். புரொபெசோரே எனக்குச் சொல்லித்தந்தவற்றில் முக்கியமானது அது. போகாததால் காணாதது வேறு, போய்ப் பார்த்து இல்லாதது வேறு. எங்களுடைய ஊர்க் கணக்கில் இருப்பது முதலாவது. அதனால்தான் அது வலிக்கிறது.

வீட்டுக்கு வந்து பட்டியலைப் பதியும்போது அவதானித்தவர் பெயர் கேட்டது. மகள் என் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதினாள். எங்கள் பெயர்முறை இத்தாலியருக்கு விளங்காது. அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று வைத்துக்கொண்டு, எல்லாப் பத்திரங்களிலும் அதைத்தான் முன்னால் போடுவார்கள். வதிவிட அனுமதிக்கு வரிசையில் நிற்கும் போதெல்லாம் அப்பாவின் பெயரைக் கூப்பிட, நான் கை உயர்த்தியிருக்கிறேன். எரிச்சலாக இருக்கும்.

அன்றைக்கு எரிச்சல் வரவில்லை. அப்பா பருத்தித்துறைக் கரையை விட்டுத் தூரம் போகாதவர், எனக்கு மீன் எண்ணக் காட்டித்தந்தவர். பியானாக் குளத்தின் அந்த நாள் கணக்கில் அவருடைய பெயர் முன்னால் இருக்கிறது. எனது அதற்குப் பின்னால்.